ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு கூடாரம்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

ஆறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் திட்டம் தவறும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் தென்விளிம்பில் நின்றால் வடவிளிம்பு கண்ணெதிரே தெரியும். நேர்க்கோட்டில் சுமார் 16 கி.மீ.தான். காரில் சுற்றிக்கொண்டு போனால் ஏறக்குறைய 345 கி.மீ., ஐந்து மணி நேரம். எல்லாப் பள்ளத்தாக்கும் அளவில் சிறிய கிராண்ட் கேன்யன்தான்: பாலங்கள் குறைவு, வளைவுகள் அதிகம். கொண்டையூசி வளைவுச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வந்தால் பெரிது. குழந்தைகள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிட நிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் அஸ்தமன நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாறைச் சுவருக்குப் பின்னால் சூரியன் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். வெளிச்சம் மங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது வண்டியை நிறுத்தியாக வேண்டும். இருட்டில் கூடாரம் அடிப்பது பெரிய தொல்லை இல்லை. இருட்டில் தவறான இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தொல்லை.

எப்போது போவது

பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மேல்விளிம்பைவிடச் சூடானது. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு முதல் பத்து டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். விளிம்பில் இதமாக இருக்கிற கோடை நாளில் அடியில் 40 டிகிரியைத் தாண்டும். நமீபியாவின் ஃபிஷ் ரிவர் கேன்யனில் நடைப்பயணத்தை மே 1 முதல் செப்டம்பர் 15 வரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். மற்ற மாதங்களில் வெயில் அவ்வளவு கொடுமை.

வெயிலோடு ஆற்றின் பருவத்தையும் பாருங்கள். மழைக்காலத்தில் போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பனி உருகி ஓடும் ஆறுகள் வானம் தெளிவாக இருக்கும் வசந்தத்தின் முடிவில்தான் பெருகும் என்பது பலருக்குத் தெரியாது. பனி பகலில் உருகும், அந்த நீர் கீழே வந்து சேர மாலையோ இரவோ ஆகிவிடும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை சாயங்காலம் இடுப்பளவு ஓடும். அப்படிப்பட்ட ஓடையை அதிகாலையில் கடந்து, நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும்.

முதல் பயணத்துக்கு ஒரே முகாமில் இரண்டு இரவு போதும். தினம் ஓர் இடம் என்று போடும் திட்டம் தாளில் அழகாக இருக்கும். நடப்பில் பாதி நாள் கட்டுவதிலும் பிரிப்பதிலும் போய்விடும், குழந்தைகள் ஆற்றையே பார்க்காமல் திரும்புவார்கள்.

முன்பதிவு செய்யும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நெருப்பு மூட்டத் தடை உண்டா, உணவை எதில் பூட்டி வைக்க வேண்டும், சாலையில் வண்டியின் நீள உயரத்துக்கு வரம்பு உண்டா, ஆற்றின் மேற்புறத்தில் அணை இருக்கிறதா.

வண்டி

வீட்டிலிருந்து விளிம்பு வரை எந்த வண்டியும் போகும். விளிம்பிலிருந்து கீழே இறங்குவதுதான் சோதனை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு:

1. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், முழுச் சுமைக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுப்படி நிரப்புங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், மறக்கப்படுவது அதுதான். மணலில் ஜாக்கி புதையாமலிருக்க ஒரு தடித்த பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பிரேக் திரவம் மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதென்றால் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 (DOT 3) ரக பிரேக் திரவம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

3. கூரைக் கேரியரின் தாங்குதிறனைக் கையேட்டில் பாருங்கள். பல கார்களில் கேரியரையும் சேர்த்து 75 கிலோ அளவுதான். மேலே தூக்கப் பைகள் (ஸ்லீப்பிங் பேக்) மாதிரி எடை குறைந்தவை மட்டும். தண்ணீரும் அடுப்பும் கீழே, பின் இருக்கையை ஒட்டித் தரையில் இருக்கட்டும்.

4. கடைசி பெட்ரோல் நிலையத்தில் டாங்கை நிரப்புங்கள். இறங்கும்போது குறையாத எரிபொருள் ஏறும்போது வேகமாகக் குறையும்.

இறங்கும்போது ஒரு விதி: எந்த கியரில் அந்தச் சரிவை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலை. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. வேகம் கூடும்போது சில நொடி அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். கருகிய வாடை வந்தாலோ பெடல் பஞ்சாக அமுங்கினாலோ ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும்.

மின்சார வண்டிக்காரர்கள் விளிம்பில் பாட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. இறக்கத்தில் மோட்டார் உண்டாக்கித் திருப்பியனுப்பும் மின்சாரத்துக்கு நிறைந்த பாட்டரியில் இடமிருக்காது, மோட்டார் வேகத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் வேலை செய்யாது.

செங்குத்துச் சுவர்களுக்கிடையே கைபேசி சிக்னல் வராது, ஜி.பி.எஸ். தடுமாறும். செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கும் திறந்த வானம் வேண்டும். இணையமில்லா வரைபடத்தை இறக்கிக்கொண்டு, காகித வரைபடம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வழித்தடம், முகாம் எண், வண்டி எண், 'இந்த நேரத்துக்குள் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு' என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர், கூடாரம், தூக்கம்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், கைவசம் இன்னொரு 12. மொத்தம் 60 கிலோ. வண்டியில் இன்னும் ஒரு பெரியவர் ஏறிய எடை. ஒரே பெரிய கேனாக இல்லாமல் பத்து லிட்டர் கேன்கள் ஆறாக வையுங்கள். ஒன்று ஒழுகினால் ஒன்றோடு போகும்.

ஆற்று நீரை நம்பிப் போனால் வண்டல்தான் முதல் எதிரி. கலங்கிய நீரை நேராக வடிகட்டியில் விட்டால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். வாளியில் இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். அவசரமென்றால் கொஞ்சம் படிகாரத் தூள் போட்டுக் கலக்கினால் வண்டல் திரண்டு படியும். மேல்நீரை மட்டும் மொண்டு வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கையில் எடுத்துப் போகும் வடிகட்டிகளில் பெரும்பாலானவை வைரஸைப் பிடிக்காது. இரவில் உறைபனி விழுமானால் வடிகட்டியைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்தால் இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

'நான்கு பேர் கூடாரம்' என்றால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், பைக்கு இடமில்லை என்று பொருள். நால்வருக்கு ஆறு பேர் கூடாரம் வாங்குங்கள். அடியில் விரிக்கும் தரைவிரிப்பு கூடாரத்தின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். ஆற்று மணலில் சாதாரண முளைகள் நிற்காது. பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் எந்தக் காற்றும் பிடுங்காது. வீட்டு மொட்டை மாடியிலோ பூங்காவிலோ ஒருமுறை முழுக்கக் கட்டிப் பாருங்கள். ஒரு கம்பி குறைகிறது என்பது அங்கே தெரியட்டும்.

குளிர் கீழிருந்துதான் ஏறும். தூக்கப் பைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தைத் தரைமெத்தைக்குத் திருப்புங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 'ஆர் மதிப்பு' (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் குறையாத மெத்தை வேண்டும். தூக்கப் பையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். சுகமாகத் தூங்கக்கூடிய வசதி (comfort) வெப்பநிலையைப் பாருங்கள், சமாளிக்கக்கூடிய கடைசிக் குளிரான எல்லை (limit) வெப்பநிலையை நம்பி வாங்காதீர்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எங்கே கூடாரம் அடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பள்ளத்தாக்கில் ஆபத்து நீங்கள் நிற்கிற இடத்தில் தொடங்குவதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் திடீர் வெள்ளத்தில் பதினொரு பேர் இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, ஆற்றின் மேற்பகுதியில். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்துக்கு மட்டுமல்ல, ஆற்றுக்கு நீர் வரும் மேல்பகுதி முழுதுக்கும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள்.

வண்டியை நிறுத்தியதும் சாமானை இறக்காதீர்கள். முதலில் பத்து நிமிடம் நடந்து இவற்றைப் பாருங்கள்.

புதர்களிலும் மரக்கிளைகளிலும் சருகு, குச்சி, காய்ந்த புல் கற்றையாகச் சிக்கியிருக்கிறதா? வெள்ளம் அந்த உயரம்வரை வந்து போயிருக்கிறது. அது உங்கள் இடுப்பளவில் இருந்தால் நீங்கள் நிற்பது ஆற்றுக்குள்தான். அதற்கு மேலே போங்கள்.

பக்கவாட்டுச் சிறு பள்ளம் ஆற்றோடு சேரும் இடத்தில் விசிறி விரித்த மாதிரி சமதரை இருக்கும். பார்க்க முகாமுக்கென்றே அமைந்ததுபோல் தெரியும். அதை அப்படிச் சமமாக்கியது அந்தப் பள்ளத்தில் வந்த வெள்ளமும் சேறும். அங்கே கூடாரம் கூடாது.

பாறைச் சுவரின் அடியிலும் கூடாது. தரையில் கிடக்கும் கற்களைப் பாருங்கள். பாசி படிந்து மங்கிப்போனவை பழையவை. கூரிய விளிம்போடு வெளிறிய நிறத்தில் கிடப்பவை சமீபத்தில் விழுந்தவை. மழைக்குப் பிறகும் உறைபனி உருகும் காலையிலும் கல் விழுவது அதிகம். மேலே நடமாடும் மலையாடுகளும் கல்லைத் தட்டிவிடும்.

பட்ட மரம், பட்ட கிளை இவற்றின் கீழும் வேண்டாம். அப்புறம் ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளியிருங்கள். விலங்குகள் நீருக்கு இறங்கும் தடத்தை மறிக்காமலிருக்கவும் இது தேவை. முகாம் நிர்வாகம் இடத்தை எண் போட்டுக் கொடுத்திருந்தால் அங்கேதான் அடிக்க வேண்டும்.

இடம் முடிவானதும் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் நீர் ஏறும். குச்சி நனைந்துகொண்டே வருவது, தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சுள்ளியும் நுரையும் மிதந்து வருவது, மேலிருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். வண்டியில் ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் பெரியவரை விழத்தட்டும், 30 செ.மீ. காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரிய வண்டியையும் இழுத்துப்போகும்.

வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குங்கள். இரவில் காலணி, டார்ச், வண்டிச் சாவி மூன்றும் கூடார வாசலில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வாடையும் விலங்கும்

காட்டு விலங்கு உங்களைத் தேடி வருவதில்லை. உங்கள் சாப்பாட்டைத் தேடி வருகிறது. ஒருமுறை ருசி கண்ட கரடியோ குரங்கோ அடுத்தடுத்த முகாம்களுக்கும் வரும். மனிதரை அண்டிப் பழகிய கரடிகள் பல இடங்களில் கடைசியில் கொல்லப்படுகின்றன.

அடுப்பை எங்கே வைப்பது என்பதற்குப் பள்ளத்தாக்கில் தனிக் கணக்கு. பகலில் சூடேறிய காற்று ஆற்றின் மேற்புறத்தை நோக்கி வீசும். சூரியன் மறைந்த பிறகு குளிர்ந்த காற்று கனத்து, ஆறு ஓடும் திசையிலேயே இறங்கும். எனவே சமையலிடமும் உணவுப் பெட்டியும் கூடாரத்துக்கு ஆற்றின் கீழ்ப்பக்கமாக, சுமார் 100 மீட்டர் தள்ளி இருக்கட்டும். இரவு முழுக்க வாடை உங்களை விட்டு விலகிப் போகும். கூடாரத்தின் குறுகிய பக்கத்தை ஆற்றின் போக்குக்கு நேராகத் திருப்பினால் காற்றும் படபடக்காது. எண் போட்ட முகாமில் 100 மீட்டருக்கு இடமிருக்காது. இருக்கிற இடத்தில் கீழ்ப்பக்கத்தைப் பிடியுங்கள், உணவை முகாமின் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள்.

உணவு என்றால் சாப்பாடு மட்டுமில்லை. பற்பசை, சோப்பு, வெயில் பூச்சு, ஈரத் துடைப்பான், குழந்தையின் பால் பாட்டில், நாய்க்குப் போடும் தீனி, குப்பைப் பை, சமைத்தபோது போட்டிருந்த சட்டை எல்லாம் கணக்கில் சேரும். தவறாமல் விட்டுப்போவது காரில் இருக்கும் குழந்தை இருக்கை. அதன் மடிப்புகளில் மூன்று நாள் பிஸ்கட் தூள் இருக்கும். கரடி வாழும் இடங்களில் காரும் பூட்டிய பெட்டியாகாது. கதவை வளைத்துத் திறக்கப் பழகிய கரடிகள் உண்டு. பாத்திரம் கழுவிய நீரைச் சல்லடையில் ஊற்றி, பருக்கைகளைக் குப்பையில் போட்டு, நீரை ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளி வீசித் தெளியுங்கள்.

நெருங்கும் தூரத்துக்கு யெல்லோஸ்டோன் பூங்காவின் விதி நல்ல அளவுகோல்: கரடி, ஓநாய், பூமா (அமெரிக்க மலைச்சிங்கம்) என்றால் 91 மீட்டர், காட்டெருமை, மான் உட்பட மற்றவற்றுக்கு 23 மீட்டர். அளக்க நாடா வேண்டாம். கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விலங்கு முழுதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் பின்வாங்குங்கள். மந்தமாக மேய்ந்து நிற்கும் காட்டெருமை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது.

எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. முதல் வேலை சிறு குழந்தையைத் தூக்கிக்கொள்வது. பூமா, சிறுத்தை முன்னால் முதுகைக் காட்டியோ முழுக்கக் குனிந்தோ தூக்காதீர்கள். கண்ணை எடுக்காமல், முழங்காலை மடக்கித் தூக்குங்கள். கையை விரித்துப் பெரிய உருவமாகக் காட்டி, உரக்கப் பேசியபடி பின்னே நகருங்கள். கரடிக்கான மிளகுத் தெளிப்பான் அனுமதிக்கப்பட்ட இடத்தில் அது இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் இல்லை. அதைக் கூடாரத்தின் மேல் அடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ந்தபின் அந்த வாடையே கரடியை இழுக்கும்.

பாம்புக்கும் தேளுக்கும்: கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள், காலணியை உதறிப் போடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். குழந்தைகள் அதற்காகவே டார்ச்சைக் கேட்டு வாங்குவார்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அந்தி நேரத்தில் சாலையில் மான் ஒன்று கடந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். வண்டியை வெட்டித் திருப்பாமல் நேராகப் பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் பள்ளமாக இருக்கிற சாலையில் மானைவிடத் திருப்பம்தான் ஆபத்து.

பார்க்கத் தெரிந்தால் நிறையத் தெரியும்

பெரும் கழுகுகளையும், அமெரிக்கக் கண்டங்களின் பெரிய பிணந்தின்னிக் கழுகுகளான காண்டோர்களையும் பார்க்க அதிகாலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை. வெயில் பட்டுச் சுவர் சூடாகிக் காற்று மேலெழும் வரை அவை பறக்காது. பெருவின் கோல்கா பள்ளத்தாக்கில் காண்டோர் பார்க்க ஆட்கள் கூடுவது காலை எட்டு மணியை ஒட்டித்தான். பாலூட்டிகள் அதற்கு நேர்மாறு. அவற்றைப் பார்க்க விடிந்து ஒரு மணி நேரமும் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும். சுவரில் வெள்ளைக் கோடாக எச்சம் வழிந்திருந்தால் அதன் உச்சியில் பறவை உட்காரும் திட்டு இருக்கும், தொலைநோக்கியை அங்கே திருப்புங்கள். 8 மடங்கு உருப்பெருக்கம் போதும். பத்து, பன்னிரண்டு மடங்கு வாங்கினால் சிறுவர் கையில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆற்றிலும் பாதையிலும் குழந்தைகள்

நீர்க்கரையில் விளையாடும் குழந்தைக்கு உயிர்காப்புச் சட்டை, தொடைகளுக்கு இடையே போகும் பட்டையோடு. ஊதிப் போடும் கைவளையங்கள் நீச்சல் குளத்துக்கே சரியில்லை, ஆற்றுக்குச் சுத்தமாக ஆகாது. அணையின் அடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் பத்து டிகிரி அளவில் இருக்கலாம். அதில் திடீரென்று விழுந்தால் மூச்சு வாங்கி நீரை விழுங்கிவிடுவார்கள், நீச்சல் தெரிந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினால் அங்கேயே ஒரு மரத்தடியில் நின்று மூன்று மூன்றாக ஊத வேண்டும், தேடிக்கொண்டு நடக்கக் கூடாது.

மலையேற்றத்தில் களைத்தவர் பாதியில் திரும்பினால் இறக்கம். பள்ளத்தாக்கில் தலைகீழ்: களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு. கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்புங்கள். வெயில் காலத்தில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஏற்றம் வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். கூடவே உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள்.

கழிப்பறை இல்லாத இடத்தில் ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி. குறுகலான பள்ளத்தாக்கில் அவ்வளவு தள்ளிப் போக இடமிருக்காது. மூடும் பைகளில் கட்டி எடுத்துவர வேண்டும். கிராண்ட் கேன்யனில் ஓடும் கொலராடோ போன்ற பாலைவனப் பெருநதிகளில் சிறுநீரை மட்டும் ஆற்றிலேயே கழிக்கச் சொல்கிறார்கள். மழையில்லாத கரை மணலில் விட்டால் நாற்றம் போகவே போகாது.

கிளம்பும் காலை

நெருப்பு மூட்டியிருந்தால் நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்தபின் நகருங்கள். பள்ளத்தாக்குச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு ஆள் ஓட முடியாது.

ஏற்றத்தில் எஞ்சின் சூடு ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். சிக்னல் வந்த இடத்தில், குறிப்பு கொடுத்து வைத்தவரைக் கூப்பிட்டுத் திரும்பிவிட்டோம் என்று சொல்லுங்கள். மறந்தால் உங்களைத் தேடி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த அன்றே கூடாரத்தை விரித்துக் காயப் போடுங்கள். காலைப் பனி பட்டு ஈரத்தோடு சுருட்டியது இரண்டு நாள் பையில் கிடந்தால் பூஞ்சை பிடித்து, நீர் புகாத பூச்சு உரியத் தொடங்கும்.